முடிவுக்கு முன்பா, பின்பா: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

பெரியப்பா: சுரங்கம் போன்ற திட்டங்களுக்குப் பொது விசாரணை நடத்தி, ஆட்சேபங்களை எல்லாம் பதிவு செய்த பிறகும், பழங்குடி மக்களைக் கலந்து பேசவில்லை என்று வழக்குப் போடுகிறார்கள். இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

கயல்விழி: பெரியப்பா, பொது விசாரணையும் கிராம சபையின் ஒப்புதலும் ஒன்றல்ல. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் விசாரணையில், வந்தவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்களே தவிர வாக்கெடுப்புக் கிடையாது. காட்டில் வாழ்பவர்களின் உரிமைகளுக்கான வன உரிமைச் சட்ட விதிகளின்படி கூடும் கிராம சபையிலோ, உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருக்க வேண்டும்.

முரளி: ஒடிசாவின் நியம்கிரி மலையில் அதுதான் நடந்தது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தோண்டும் சுரங்கம், அங்குள்ள டோங்ரியா கோந்து பழங்குடி மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராயட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில் கூடிய 12 சபைகளும் ஒன்றுவிடாமல் மறுத்துவிட்டன. அந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்ததே ஒடிசா அரசுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெரியப்பா: அப்படியானால் ஓர் ஊர் வேண்டாம் என்றால் எந்தத் திட்டமும் நகராதா?

கயல்விழி: எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. 2004இல் தங்கள் நிலத்தில் மரம் வெட்ட ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்ததை எதிர்த்து ஹைடா பழங்குடி மக்கள் போட்ட வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், நிலத்தின் மீதான உரிமை நிரூபிக்கப்படும் வரை திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்றே சொன்னது. ஆனால் அப்படி ஓர் உரிமை இருக்கக்கூடும் என்று அரசுக்குத் தெரிந்த உடனேயே கலந்து பேசும் கடமை தொடங்கிவிடுகிறது என்றும், அந்தக் கடமையை மரம் வெட்டும் நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு அரசு விலகிக்கொள்ள முடியாது என்றும் தீர்ப்பளித்தது. உரிமம் கொடுத்த பிறகு கூட்டம் போடுவதை என்னால் கலந்தாய்வு என்று ஏற்க முடியவில்லை, அது அறிவிப்பு.

அத்தை: பத்திரிகை அடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போல!

பெரியப்பா: சரி, ஆனால் முதலீடு செய்பவருக்கும் ஒரு கட்டத்தில் நிச்சயம் வேண்டும். ஒருமுறை முறையாகக் கேட்டுவிட்டால் போதாதா?

முரளி: மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களின் பழமையான குகைகள் இருந்த இடத்தைத் தோண்ட ஒரு சுரங்க நிறுவனத்துக்கு 2013லேயே சட்டப்படி அனுமதி கிடைத்திருந்தது. அந்தக் குகைகள் எவ்வளவு தொன்மையானவை என்பது 2014 அகழாய்வில்தான் முழுமையாகத் தெரிந்தது. ஆனால் அனுமதியை மறுபரிசீலனை செய்யக் கோரும் வழி அந்த மக்களுக்கு அன்றைய சட்டத்தில் இருக்கவில்லை. 2020 மே மாதம் குகைகள் தகர்க்கப்பட்டன. ஆகவே புதிய தகவல் வந்தால் திரும்பப் பேசுவதற்கான விதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பேன்.

பெரியப்பா: அப்படி எழுதுவதானால் காலக்கெடுவையும் சேர்த்து எழுதுங்கள், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.