கில்பெக் தேவாலயத்துக் கூரையடிக் கற்கள்: சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலை மாணவர்களுக்காக, ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடப் பாணியான ரோமனெஸ்க் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'கார்பெல்' என்ற சொல்லில் நிற்கிறேன்.

பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுஷையரில் வேல்ஸ் எல்லைப் பக்கம் இருக்கும் கில்பெக் என்ற சிற்றூரின் தேவாலயம். 1140 வாக்கில் செம்மணற்கல்லில் கட்டியது. கூரை விளிம்புக்குக் கீழே சுவரைச் சுற்றிக் கற்கள் துருத்தி நிற்கின்றன. 80-க்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் உருவம். ஒன்றில் நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. கார்பெல் எனப்படும் இந்தக் கல்லைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

* * *

அம்மா, தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? வெட்டுப்போதிகை, தரங்கப்போதிகை, பூமுனைப்போதிகை என்று காலம் பிரித்தே படிக்கிறோம். ஸ்தபதிகள் இன்றும் புழங்கும் சொல்.

* * *

ஐயா, போதிகைக்கு அடியில் தூண் வேண்டுமே. கில்பெக்கில் கல்லின் வால் சுவருக்குள் புதைந்திருக்கிறது, தலை மட்டும் வெளியே. மேலே ஏறிய கட்டின் எடை வாலை அழுத்திப் பிடிப்பதால்தான் கல் கவிழாமல் நிற்கிறது. போதிகை என்று படிக்கிற மாணவர் தூணைத் தேடுவார்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: மதலை. நெடுநல்வாடையில் குளிருக்கு ஒடுங்கி இரை தேடப் போகாத புறாக்கள் 'மதலைப் பள்ளி மாறுவன இருப்ப'. மதலை என்பது கொடுங்கையை, அதாவது வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பை, தாங்கும் பலகை என்று உரை சொல்கிறது. கூரை விளிம்பின் கீழ், புறா உட்காரும் அளவுக்கு வெளியே நீண்டிருப்பது. வேறென்ன வேண்டும்? 'மதலையாஞ் சார்பிலார்க் கில்லை நிலை' என்ற குறளிலும் (449) மதலை தாங்குவதுதான். மரக்கலத்துக்கும் மதலை என்று பெயர், ஏறியவரைத் தாங்குவதால் வந்திருக்கலாம். குழந்தையும் மதலை; பெற்றோருக்கு முதுமையில் ஊன்றுகோல் என்று கொண்டால் அதுவும் இதே வேர்தான் என்பது என் எண்ணம்.

* * *

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன் சொல்கிறேன்: மதலை என்று பலகையில் எழுதினால் பாதி வகுப்பு மழலை என்று படிக்கும். வேரை விளக்கவே ஒரு மணி நேரம் போய்விடும், கவிழும் விசையை எப்போது நடத்துவது? தாங்குகல் என்றால் கேட்டதுமே புரியும். வரிசையாக வந்தால் தாங்குகல் வரிசை.

* * *

தூணும் தாங்குகல்தான், அடித்தளமும் தாங்குகல்தான். துருத்தி நிற்பது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

* * *

போதிகையை விட்டுவிடுகிறேன். ஆனால் தாங்குகல்லும் வேண்டாம், நீட்டுகல் என்போம். அதே கில்பெக்கின் மேற்குச் சுவரைப் பாருங்கள். வாய் பிளந்த டிராகன் தலைகள் சுவரை விட்டு நீண்டு நிற்கின்றன, அந்த முனைகளின் மேல் எந்தச் சுமையும் இல்லை. அப்புறம், வரிசைக்குப் பூதவரி என்ற சொல்லையும் யோசிக்கலாம். நம் கோயில்களில் கொடுங்கைக்குக் கீழே குள்ளப் பூதங்கள் ஓடுவதும் இதே இடத்தில்தான்.

* * *

பூதவரி வேண்டாம் ஐயா. கில்பெக் வரிசையில் சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டியும் இருக்கிறது, அது கிறிஸ்துவின் சின்னம். அதைப் பூதத்தில் சேர்க்க முடியாது.

* * *

அனைவருக்கும் நன்றி. இனியும் காத்திருக்க நேரமில்லை. தாங்குகல் என்று மூவர் தனிமடலிலும் எழுதியிருக்கிறார்கள், அதையே போடுகிறேன். டிராகன் தலைகளுக்கு மட்டும் நீட்டுகல். மதலை அடிக்குறிப்பில் வரும்.

* * *

எனக்கு உடன்பாடில்லை, என் கட்டுரைகளில் மதலை என்றே எழுதுவேன். அடிக்குறிப்பில் அந்தப் புறா வரியையும் சேர்த்துப் போடுங்கள் அம்மா. வரி இல்லாவிட்டால் குழந்தை என்றுதான் படிப்பார்கள்.