உப்புச் சப்பில்லாமல் ஒலிக்கும் ஸ்டீரியோ: ஆம்ப்ளிஃபயரை மாற்றத்தான் வேண்டுமா?

செவிக்கினியன் (கேள்வி):

வணக்கம். என்னிடம் சேனலுக்கு 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், 8 ஓம் கொண்ட ஒரு சோடிச் சிறிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. பாட்டில் எதுவும் விடுபடுவதில்லை, ஆனாலும் உயிர் இல்லை. மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் இடப்பக்கத்தில்) விழும் அடி அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கிறது. பாடகரின் குரல் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதே பதிவை ஹெட்போனில் கேட்டால் நன்றாகவே இருப்பதால், குறை பதிவில் இல்லை என்று நினைக்கிறேன். ஸ்பீக்கர்கள் புத்தக அலமாரியின் மேல்தட்டில், சுவரை ஒட்டி, ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர். நான் உட்காரும் சோபா நட்டநடுவில் இருக்கிறது. 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு மாறினால் சரியாகுமா? விலையுயர்ந்த ஸ்பீக்கர் வயரையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள்.

பழையரேடியோ:

பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். வாட் இருமடங்கானால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல்தான். ஒலி இருமடங்கு உரத்ததாகக் காதுக்குப் படவேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவைப்படும். சாதாரணமாகக் கேட்கும்போது உங்கள் ஆம்ப்ளிஃபயர் ஓரிரு வாட்டுக்கு மேல் செலவழிப்பதே அபூர்வம். வயரும் அப்படித்தான்: 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 3 மீட்டர் தூரம் ஓடினால், போக வர இரண்டு இழைகளும் சேர்ந்து 0.07 ஓம் அளவுதான் தடை. 8 ஓமுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல.

முதலில் வயர்களின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால், ஒரு வூஃபர் (தாழ்சுரங்களைத் தரும் பெரிய கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பாஸ் என்னும் தாழ்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குரலும் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். அறைக்கு வண்ணம் பூசியபின் அவசரமாக இணைத்த நான், மூன்று மாதம் புதுப் பெயிண்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி) ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரின் வயர்களை மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் பாஸ் கனமாக இருக்கிறதோ அதுவே சரியானது.

மூலைவாசி:

மேலே சொன்னதைச் செய்துபாருங்கள். ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் சோபாவின் மேல்தான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 4 மீட்டர் அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலையும் (சுவர்களில் மோதித் திரும்பி, ஓரிடத்திலேயே நின்று அதிரும் அலை), அதன் மும்மடங்கான 129 ஹெர்ட்ஸ் அளவில் இன்னொன்றும் உண்டாகும். இரண்டுக்குமே அறையின் நடுப்புள்ளியில் அழுத்த மாற்றம் ஏறக்குறைய இல்லை, அதாவது அங்கே உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரங்கள் வந்து சேருவதில்லை. முதல் அலைவரிசையைச் சிறிய ஸ்பீக்கர்கள் எப்படியும் முழுமையாகத் தராது. இரண்டாவதோ ஆண்குரலின் அடித்தளமும் தாளவாத்தியத்தின் கனமும் இருக்கும் இடம். சோபாவைச் சுமார் 60 சென்டிமீட்டர் பின்னே தள்ளினால், பின்சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வருவீர்கள். 129 ஹெர்ட்ஸ் உச்சம் பெறும் இடம் அதுவே.

ஸ்பீக்கர்களையும் அலமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள். ட்வீட்டர் (உச்சசுரங்களைத் தரும் சிறிய பகுதி) காது மட்டத்திலும், பெட்டியின் முதுகு சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் அளவு விலகியும், ஒன்றுக்கொன்று 2 மீட்டர் இடைவெளியிலும் இருக்கட்டும். நீங்களும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைந்தால் போதும். அளவுநாடாவால் சரிபாருங்கள், கண் மதிப்பீடு ஏமாற்றும்.

இரவுக்கேட்பாளர்:

ஒலியைக் குறைத்து வைத்துத்தான் கேட்பீர்களா? அப்படியானால் காதின் இயல்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒலி தாழத் தாழ, நம் காதுக்குப் பாஸ் மற்றவற்றைவிட வேகமாக மங்கிப்போகும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டியது இதைத்தான். பல ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கும், பாஸைக் கூட்டித் தரும் லவுட்னஸ் பொத்தான் இதற்காகவே ஏற்பட்டது. பாஸ் திருகைத் தொடுவது இசைக்குத் துரோகம் என்று சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஸ்பீக்கர்கள் பழையவை என்றால், வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் நுரையா ரப்பரா என்றும் பாருங்கள். நுரை வளையம் காலப்போக்கில் உதிர்ந்துவிடும்.

செவிக்கினியன்:

மூவருக்கும் நன்றி. வயர்கள் சரியாகவே இருந்தன. உண்மையைச் சொன்னால் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. வளையம் ரப்பர், பழுதில்லை. பிறகு, நீண்டு ஒலிக்கும் ஒரு பாஸ் சுரத்தை ஓடவிட்டு, சோபா இருந்த இடத்திலிருந்து பின்சுவரை நோக்கி மெதுவாக நடந்தேன். நான்கு எட்டுக்குள் அந்தச் சுரம் தடித்துக்கொண்டே வந்ததைக் கேட்டபோது, எதையுமே தொடாமல் யாரோ திருகைக் கூட்டியதுபோல் இருந்தது. சோபாவைத் தள்ளி, ஸ்பீக்கர்களை இரண்டு மர ஸ்டூல்களுக்கு மாற்றிய பிறகு, குரல் பெட்டியை விட்டு வெளியேறி நடுவில் நிற்கிறது. தொப்பியின் அடியும் தோலின் ஒலியாகக் கேட்கிறது. ஆனால் ஒலியைக் கூட்டினால் உச்சசுரங்கள் கூசுகின்றன. தரை வெறும் டைல்ஸ்.

மூலைவாசி:

கை தட்டிப்பாருங்கள், தட்டிய பின் ஒரு கிணுகிணுப்பு கேட்டால் அறைதான் கூசுகிறது. ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் இடையே தடித்த கம்பளம் ஒன்றை விரியுங்கள். பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, சோபாவிலிருந்து அதில் ட்வீட்டர் தெரியும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே புத்தக அலமாரியைக் கொண்டுபோய் வையுங்கள். இப்போது அதன் மேல்தட்டு காலியாகத்தானே இருக்கிறது.