ஃபைட்டர் மீன் தொட்டியில் ஃபில்டர் வேகம் அதிகம், எப்படிக் குறைப்பது? அவசரம்

நீலவால்:
நேத்து ஃபில்டர் மாட்டினேன். அதுலேர்ந்து ஃபைட்டர் ஒரு மூலையிலேயே ஒட்டிக் கிடக்குது. நடுவுல வந்தா தண்ணி தள்ளிட்டுப் போகுது. வேகம் குறைக்கிற திருகு எதுவும் இல்ல. சீக்கிரம் சொல்லுங்க.

பாசிப்பச்சை:
தொட்டி எத்தனை லிட்டர்? ஃபில்டர் உள்ளே ஒட்டுறதா, வெளியே தொங்குறதா?

கூழாங்கல்:
ஹாஃப்மூனா (பெரிய வால் வகை), பிளக்கட்டா (குட்டை வால் வகை)? வால் பெருசுன்னா சின்ன ஓட்டத்துக்கே களைச்சிடும். பிளக்கட் ஓரளவு தாங்கும்.

வண்டல்:
ஃபில்டரே வேண்டாம் ப்ரோ, கழட்டுங்க. ஃபைட்டர் மேல வந்து காத்தை நேரா எடுத்துக்கும். கடையில பாட்டில்லதானே வச்சிருக்கான்?

தொட்டிவாத்தியார்:
தொட்டி அளவு சொல்லாம மருந்து கேட்கிறது இங்க வழக்கமாப் போச்சு. பழைய பதிவுகளைப் புரட்ட யாருக்கும் கை வராது. வண்டல், காத்தை எடுக்கிறது லாபிரிந்த் உறுப்பு. மீன் கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியா எரிக்கிறது செவுளை. காத்து குடிக்கத் தெரிஞ்ச மீனுக்கும் செவுள் வெந்தா சாவுதான். கடையில மீன் கொஞ்ச நாள்தான் இருக்கும், தண்ணியும் அடிக்கடி மாத்துவாங்க.

வண்டல்:
நெல் வயல்ல ஃபில்டரா ஓடுது?

தொட்டிவாத்தியார்:
வயல்ல செடி இருக்கு, மண் இருக்கு, ஒரு மீனுக்கு உங்க தொட்டியை விடப் பல மடங்கு தண்ணி இருக்கு. அதைக் கொண்டு வாங்க, ஃபில்டரைக் கழட்டிடலாம்.

நீலவால்:
12க்கு 8க்கு 8 இஞ்ச். உள்ளே ஒட்டுறது, பெட்டியில மணிக்கு 300 லிட்டர்னு இருக்கு. ஹாஃப்மூன்.

பாசிப்பச்சை:
மேல ஒரு இஞ்ச் விட்டு, கண்ணாடித் தடிமனும் போக நிக்கிறது 10 லிட்டர்தான். அப்போ மணிக்கு 30 தடவை தண்ணி சுத்துது! ஃபைட்டருக்கு 4, 5 தடவை தாராளம். பெட்டிக் கணக்கு ஸ்பாஞ்ச் இல்லாம அளந்தது, நிஜத்துல குறையும். அப்பவும் அதிகம்தான்.

இப்பவே ஃபில்டர்ல தண்ணி வெளியேறுற வாயைப் பின்கண்ணாடி மூலையைப் பார்த்துத் திருப்புங்க. அடுத்து ஸ்ப்ரே பார். வாய்க்குப் பொருந்துற 12 மி.மீ. உள்விட்டக் குழாய் 8 இஞ்ச் வெட்டி, கடைசியை அடைச்சிடுங்க. ஒரே வரிசையில, ஓட்டை நடுவுக்கு நடு 8 மி.மீ. இடைவெளி விட்டு 3 மி.மீ. ஓட்டை 20க்கு மேல போடுங்க. இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. குழாய் வாயோட பரப்பு 113 சதுர மி.மீ., ஒரு ஓட்டை 7. ஆக 16 ஓட்டை போட்டாதான் சமமே ஆகும். நாலஞ்சு ஓட்டையோட நிறுத்தினா தண்ணி முன்னை விட வேகமாப் பீச்சும். ஓட்டைங்க பின்கண்ணாடியைப் பார்க்கணும்.

கூழாங்கல்:
அவ்வளவு எதுக்கு? வாயில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகி ரப்பர் பேண்ட் போட்டா முடிஞ்சுது. வாரம் ஒரு தடவை, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா அம்மோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியா போயிடும்.

தொட்டிவாத்தியார்:
வெளியேறுற பக்கம் அடைக்கலாம். உறிஞ்சுற பக்கத்தை இறுக்கி அடைச்சா மோட்டாருக்குத் தண்ணி பத்தாம சூடாகும், சத்தம் போடும். அங்க பெரிய கண் ஸ்பாஞ்ச் மட்டும், வால் இழுபடாம இருக்க.

கெண்டைக்குஞ்சு:
10 லிட்டருக்கு மோட்டார் ஃபில்டரே தப்பு. ஏர் பம்ப் வச்ச ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்குங்க. குமிழி அதிகம்னா வால்வை நேரா இறுக்காதீங்க, பம்ப் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு) கிழியும். காத்துக் குழாய்ல ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு மிச்சக் காத்தை வெளியே விடுங்க. பம்ப் தண்ணி மட்டத்துக்குக் கீழே இருந்தா செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) கட்டாயம், இல்லேன்னா கரண்ட் போனதும் தண்ணி பம்புக்குள்ள இறங்கும்.

கூழாங்கல்:
ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கிற இடத்தையெல்லாம் அடைச்சிக்கும். 8 இஞ்ச் அகலத்துல மீன் எங்க திரும்பும்?

கெண்டைக்குஞ்சு:
மூலையில ஒட்டுற சைஸ் கிடைக்குது சார். பார்த்ததில்லையா?

பாசிப்பச்சை:
நீலவால், ராத்திரி ஃபில்டரை ஆஃப் பண்றீங்களா? பண்ணாதீங்க. பல மணி நேரம் ஓட்டம் நின்னா ஸ்பாஞ்சுல உள்ள பாக்டீரியா காத்தில்லாம சாகும்.

நீலவால்:
ஸ்ப்ரே பார் போட்டாச்சு, 22 ஓட்டை. நடுவுல வந்து சாப்பிடுது. நன்றி எல்லாருக்கும்.

தொட்டிவாத்தியார்:
அம்மோனியா பார்த்தீங்களா? நேத்து மாட்டின ஃபில்டர்ல பாக்டீரியா இருக்காது, வளர நாலு வாரத்துக்கு மேல ஆகும். அதுவரை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணி, குளோரின் எடுத்தது, மாத்தணும்.

வண்டல்:
எப்படியும் தண்ணி மாத்தணும்னா, ஃபில்டர் எதுக்குன்னுதானே நானும் கேட்டேன்?