உதவி தேவை: இன்ஜினுக்கு அடித்த பெயிண்ட் பத்தே நாளில் போகிறது, இன்னும் அதிகச் சூடு தாங்குவது எது?

கருங்குதிரை:
வணக்கம். பைக் இன்ஜினுக்கு நானே மேட் கருப்பு ஸ்ப்ரே அடித்தேன். டப்பாவில் 650 டிகிரி என்று போட்டிருந்தது. மூன்று கோட், பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. பத்து நாளில் ஒரு பக்கம் பிசுபிசுத்துத் துணியோடு வருகிறது, இன்னொரு பக்கம் செதில் செதிலாக உரிகிறது. 650 பத்தவில்லை போல. 1000 தாங்கும் பெயிண்ட் எது நல்லது? ஞாயிற்றுக்கிழமைக்குள் அடிக்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலாம்கியர்:
ஏர் கூலிங்கா, தண்ணீர் கூலிங்கா? போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) இரும்பா, அலுமினியமா? பிரைமர் போட்டீர்களா? எந்தப் பக்கம் பிசுபிசுக்கிறது? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பழையஸ்பேனர்:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். டப்பாவின் முன்பக்க எண்ணைப் படிப்பவர்கள் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. பெயிண்ட் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வது, கால் பங்குதான் ஸ்ப்ரே. எதை வைத்துத் துடைத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

செம்புவாஷர்:
பேசாமல் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள். என் வண்டியில் கிளட்ச் கவரும் மேக்னெட் கவரும் ஐந்து வருடமாக அப்படியே இருக்கின்றன.

நாலாம்கியர்:
@செம்புவாஷர் கவருக்குச் சரி. ஆனால் பவுடரை 180–200 டிகிரி அடுப்பில் வைத்துத்தான் உருக்குவார்கள். ஆயில் சீல், ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிய உதிரிப் பாகத்தைத்தான் அதில் வைக்க முடியும். இவர் இன்ஜினைப் பிரித்தாரா என்றே தெரியவில்லை.

கருங்குதிரை:
ஏர் கூல். எல்லாம் அலுமினியம். பிரிக்கவில்லை, வண்டியில் வைத்தே அடித்தேன். தின்னர் தொட்டுத் துடைத்தேன். பிரைமர் இல்லை. சூடு காட்டவில்லை, ஓட்டினால் தானாகவே சூடாகும் என்று விட்டுவிட்டேன். பிசுபிசுப்பு கார்புரேட்டருக்குக் கீழே.

ஈயப்பற்று:
கார்புரேட்டருக்குக் கீழே என்றதுமே பாதி புரிந்துவிட்டது, அங்கே பெட்ரோல் சொட்டுகிறது. நண்பா, 1000 டிகிரி டப்பாவைத் தேடாதீர்கள். உங்களுக்கு அது இன்னும் மோசமாகத்தான் போகும்.

650 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சைலன்சருக்கான சிலிக்கோன் ரெசின் பெயிண்ட். அது காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் இறுகியிருக்காது. முழுதாக இறுக 200 டிகிரிக்குக் குறையாத சூடு சிறிது நேரம் நிற்க வேண்டும். சைலன்சர் பெண்ட் (இன்ஜினிலிருந்து வரும் வளைந்த புகைக் குழாய்) அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். இன்ஜின் அப்படி இல்லை. ஹெட்டில் (சிலிண்டரின் மேல் மூடி) ஸ்பார்க் பிளக்கை ஒட்டிய இடம் வேண்டுமானால் 200 பக்கம் போகலாம். போரின் கீழ் ஃபின்னும் (சூட்டை வெளியேற்றும் தகடு) அதற்கும் கீழே உள்ள கிரேங்க் கேஸும் 100, 120ஐச் சுற்றித்தான் இருக்கும். அங்கே அந்தப் பெயிண்ட் எத்தனை மாதம் ஓட்டினாலும் பச்சையாகவே இருக்கும். இறுகாத சிலிக்கோன் மேல் பெட்ரோல் சொட்டினால் கரையாமல் என்ன செய்யும்?

இன்ஜினுக்கென்று தனியாக இன்ஜின் எனாமல் விற்கிறார்கள். உதாரணத்துக்கு விஎச்டி கம்பெனியில் ஃபிளேம்ப்ரூஃப் டப்பா 1093 டிகிரி வரை, இன்ஜின் எனாமல் 288 வரை. எண்ணைப் பார்த்தால் இரண்டாவது மட்டம் போலத் தோன்றும். ஆனால் அது குறைந்த சூட்டிலேயே இறுகும், ஆயிலையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பழையஸ்பேனர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செதிலாக உரியும் பக்கத்துக்கு இது பதில் இல்லை. அது சுத்தக் குறை. வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஆயில் ஊறிக் கிடக்கும். தின்னர் தொட்ட ஒரே துணியால் துடைத்தால் ஆயிலை எல்லா இடத்துக்கும் பரப்பியதாகத்தான் ஆகும்.

வெள்ளிரிம்:
கருப்பே அடிக்காதீர்கள், சில்வர் அடியுங்கள். கருப்பு சூட்டைப் பிடித்து வைக்கும். நான் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தேன். ஒரே இன்ஜினில் வெறும் அலுமினியம் 70, பக்கத்திலேயே கருப்பு அடித்த இடம் 130!

ஈயப்பற்று:
@வெள்ளிரிம் இரண்டு இடமும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருந்திருக்கும். அந்தக் கருவி அளப்பது வெளிவரும் கதிர்வீச்சை. பளபளப்பான அலுமினியம் மிகக் குறைவாகக் கதிர்வீசும் என்பதால் கருவி ஏமாந்து குறைத்துக் காட்டும். கருப்பு இடத்தில் காட்டியதுதான் உண்மைக்குப் பக்கம். பெயிண்ட் அடித்தால் வெறும் உலோகத்தைவிடக் கதிர்வீச்சு கூடுகிறது, அது நல்லதுதானே?

வெள்ளிரிம்:
அப்படியென்றால் வெயிலில் கருப்புச் சட்டை ஏன் சுடுகிறது?

நாலாம்கியர்:
அது வெளியிலிருந்து வரும் வெளிச்சம், இது உள்ளிருந்து வெளியேறும் சூடு. ஓடும் வண்டியில் பெரும்பங்கு சூட்டைக் காற்றுதான் கொண்டு போகிறது. நிறத்தைவிடப் பெயிண்டின் கனம் முக்கியம். ஃபின்களுக்கு நடுவே தடித்துப் படிந்தால் சூடு வெளியேறத் தடை, அந்த இடம்தான் முதலில் உரியவும் செய்யும்.

வெள்ளிரிம்:
நான் இன்னும் சில்வர் பக்கம்தான்.

செம்புவாஷர்:
அவருடைய கேள்விக்கு வருவோமா? கருங்குதிரை, பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடா கலந்த எதையும் போடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். மணல் பிளாஸ்டிங்கும் வேண்டாம், பிரிக்காத இன்ஜினில் ஒரு துகள் உள்ளே போனாலும் போர் கோடு விழும்.

பழையஸ்பேனர்:
முதலில் டிகிரீசர் போட்டுக் கழுவுங்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்துவிட்டுச் செய்யுங்கள். காய்ந்த பிறகு கம்பி பிரஷ், எமரித் தாள். இன்ஜினைச் சிறிது ஓட்டி, உள்ளே ஊறிய ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் மறுபடி கழுவுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் அசிட்டோன், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. பிரைமர் போட்டால் அந்த எனாமலுக்கே சொல்லப்பட்ட பிரைமர். பாடிக்குப் போடும் சாதாரண பிரைமர் அடியில் கருகி, மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு வரும். மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள்.

ஈயப்பற்று:
அடித்ததும் ஓட்டிச் சூடாக்கும்போது நின்ற இடத்தில் நெடுநேரம் வைக்காதீர்கள், ஏர் கூல் இன்ஜின் காற்றில்லாமல் வெந்துவிடும். பத்து நிமிடம், ஆறவிடுங்கள், மறுபடி கொஞ்சம் கூட. வெட்டவெளியில் செய்யுங்கள், புகை வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது? சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவது பெயிண்ட் பிரச்சினை மட்டும் இல்லை, தீப்பிடிக்கும். அதைச் சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நாலாம்கியர்:
@கருங்குதிரை என்ன ஆயிற்று? பார்த்தீர்களா?

கருங்குதிரை:
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருந்தது, மாற்றியாயிற்று, சொட்டு நின்றது. சுரண்டிக் கழுவி இன்ஜின் எனாமல் அடித்தேன். பெட்ரோல் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன், வரவில்லை. மிச்சமிருந்த 650 டப்பாவைச் சைலன்சர் பெண்டுக்கு அடிக்கலாமா?

பழையஸ்பேனர்:
அடிக்கலாம். இந்த முறை பின்பக்கத்தைப் படித்துவிட்டு.