அல்பட்ராஸ் பறவைக்கும் டின் சூரை மீனுக்கும் தொடர்பு உண்டா?

பொங்கோல்வாசி:
வணக்கம். தென்பெருங்கடலில் வாழும் வாண்டரிங் அல்பட்ராஸ் பறவைகள் மீன்பிடிப் படகுகளால் மடிகின்றன என்று படித்துவிட்டு, உயர்நிலை இரண்டில் பயிலும் என் மகள், வீட்டில் இனி டின் சூரை மீன் வாங்கக் கூடாது என்கிறாள். சிறகை விரித்தால் மூன்றரை மீட்டர் வரை நீளும் பறவை தூண்டிலில் எப்படிச் சிக்குகிறது? பேரங்காடியில் நாம் வாங்கும் டின்னுக்கு இதில் பங்கு உண்டா?

கடற்புள்:
படகின் பின்னே பல கிலோமீட்டர் நீளத்துக்கு விடப்படும் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில் முட்கள் இருக்கும். அவற்றில் கோத்த கணவாய், நீரில் அமிழ்வதற்கு முன் சில கணங்கள் மேலே மிதக்கும். அதைக் கவ்வும் பறவை முள்ளில் மாட்டி, கயிற்றோடு இழுபட்டு மூழ்கிவிடுகிறது. இழப்பை ஈடுசெய்ய இந்த இனத்தால் இயலாது என்பதே பெரிய சிக்கல். ஏறத்தாழப் பத்து வயதில்தான் இனப்பெருக்கம் தொடங்குகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே முட்டை. குஞ்சு பறப்பதற்குச் சுமார் ஒன்பது மாதங்கள் கூட்டிலேயே காத்திருக்கிறது. பெற்றோரில் ஒன்று திரும்பாவிட்டால் குஞ்சு பிழைப்பது அரிது. பெண் பறவைகள் ஆண்களைவிட வடக்கே, சூரைப் படகுகள் திரியும் கடல்களுக்கு இரை தேடிச் செல்வதால், அவையே கூடுதலாக மடிகின்றன.

டின்னைப் பொறுத்தவரை உங்கள் மகள் சற்றே அவசரப்பட்டுவிட்டார் என்பேன். டின்களில் வருவது பெரும்பாலும் வெப்பக் கடல்களில் சுருக்குமடி வலையால் பிடிக்கப்படும் ஸ்கிப்ஜாக் என்னும் சூரை வகை. அங்கே வாண்டரிங் அல்பட்ராஸ் இல்லை. மேலே சொன்ன தூண்டில் கயிற்றால் பிடிபடக்கூடிய அல்பக்கோர் வகை டின்னையும், சஷிமி என்னும் பச்சை மீன் உணவுக்காகப் பிடிக்கப்படும் தெற்கத்திய நீலத்துடுப்புச் சூரையையும்தான் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

துறைமுகத்தான்:
தீர்வுகள் தெரியாதவை அல்ல. இரவில் கயிறு விடுவது, அதில் எடை கட்டுவது, பறவைகளை விரட்ட நாடாக்கள் தொங்கும் கயிற்றைப் படகின் பின்னே பறக்கவிடுவது ஆகியவற்றோடு, பறவைகள் குஞ்சு வளர்க்கும் பருவத்தில் மீன்பிடிப்பும் நிறுத்தப்பட்டதால், தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இருந்த பறவைச் சாவு அநேகமாக இல்லாமலே போயிற்று. ஆனால் அத்தீவின் பறவைகள் அங்கேயே இருப்பதில்லையே! பிரெஞ்சு ஆய்வாளர்கள் அல்பட்ராஸ்களின் உடலில் ரேடார் உணரும் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, பன்னாட்டுக் கடற்பரப்பில் அவை எதிர்கொண்ட கப்பல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் கருவியை இயக்காமல் சென்றது தெரியவந்தது. கப்பல் துறையில் வேலை செய்யும் எனக்கு, எல்லாவற்றிலும் கவலை தருவது இதுதான்.

மகிழம்பூ:
பொங்கோல்வாசி அக்கா, மகள் இதைப் பள்ளிக்காக எழுதுவதாக இருந்தால் சுண்டெலிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்நாய் (சீல்) வேட்டைக் கப்பல்களோடு வந்தவை அவை. நிலத்தில் பகையையே அறியாத அல்பட்ராஸ் குஞ்சுகள் கூட்டில் அமர்ந்தபடி இருக்க, எலிகள் இரவில் அவற்றை உயிரோடு கொறிக்கின்றன. தீவு முழுவதும் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சிட்ட இரையைத் தூவும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. தெற்கு ஜார்ஜியாவில் இதே முறை பலித்து, 2018இல் அத்தீவு எலிகளற்றதென அறிவிக்கப்பட்டது.