மீந்த பெயிண்டை எடுத்து வைத்தவர்களின் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்:

அலமாரியை நகர்த்தும்போது படுக்கையறைச் சுவரில் முழ நீளத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே அறைக்கு அடித்து மீந்த எமல்ஷன் பரணில் இருந்ததால், புதிதாக எதுவும் வாங்காமல் வேலையை முடித்துவிடலாம் என்று டப்பாவை இறக்கினேன். மூடியை நெம்பியதும் அழுகிய முட்டையின் நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. குச்சியை விட்டுக் கிண்டிய பிறகும் பெயிண்ட் குச்சியில் பிடித்து நிற்காமல் தண்ணீராகவே ஓடியது. காய்ந்தால் நாற்றம் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தச் சுவர் முழுவதற்கும் ஒரு கோட்டு அடித்துவிட்டேன்.

நாற்றம் போகவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்தால் குறையும்; இரவில் சாத்தியதும் மீண்டும் எழும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாற்றத்தை உள்ளேயே அடைக்கக்கூடிய எண்ணெய் வகைப் பிரைமரை அதன் மேல் பூசி, புதிய பெயிண்டை இரண்டு கோட்டு கொடுத்த பிறகுதான் அந்த அறையில் படுக்க முடிந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் படித்தபோதுதான் எமல்ஷன் எப்படிக் கெடுகிறது என்பது புரிந்தது. எமல்ஷன் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பெயிண்ட். அதில் குழைவு வருவதற்காகச் செல்லுலோஸ் வகைப் பொருளைச் சேர்க்கிறார்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் இரை. கெடாமல் இருக்க ஆலையில் மருந்து சேர்த்திருந்தாலும், வெளியிலிருந்து அளவுக்கு மேல் கிருமிகள் புகுந்துவிட்டால் அந்த மருந்து ஈடுகொடுக்காது. பாக்டீரியா சுரக்கும் நொதி செல்லுலோஸைத் துண்டாடிவிடுவதால் பெயிண்ட் நீர்த்துப் போகிறது. காற்றில்லாத இடத்தில் வளரும் சில வகைக் கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குவதால் அந்த முட்டை நாற்றம் வருகிறது. கெட்ட பிறகு கிருமிநாசினி ஊற்றிக் கிருமிகளைக் கொன்றாலும், ஏற்கெனவே சுரந்த நொதி தன் வேலையைத் தொடரும் என்பதால், அந்தப் பெயிண்டை மீட்க வழியில்லை.

கிருமிகள் எப்படிப் புகுந்தன என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசி நாள் வேலை முடிந்ததும் பிரஷைக் கழுவிய தண்ணீரை, வீணாக வேண்டாமே என்று நானேதான் அந்த டப்பாவுக்குள் ஊற்றி மூடினேன்.

மேலே தண்ணீர் பிரிந்து நிற்பதை மட்டும் வைத்துப் பெயிண்ட் கெட்டுவிட்டதாக யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். வெள்ளை நிறத்துக்கு ஆதாரமான டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் போல நான்கு மடங்கு அடர்த்தி கொண்டது. நாள்பட நின்றால் அது அடியில் படிவது இயல்பு. ஐந்து நிமிடம் அடி வரை கிண்டியதும் ஒரே சீராகக் கலந்து, லேசான நெடி தவிர வேறு நாற்றம் இல்லாமல் இருந்தால், அது நல்ல பெயிண்ட்தான்.

பெயிண்ட் வேலை செய்பவர்:

அம்மா எழுதியதைப் படித்தபோது, நான் பார்த்த எத்தனையோ டப்பாக்கள் கண் முன்னால் வந்தன. 25 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரிய டப்பாவுக்குள்ளேயே பிரஷை முக்கி எடுப்பவர்களைக் கண்டால் இன்றும் தடுப்பேன். அன்றன்றைக்குத் தேவையானதை வாளியில் ஊற்றிக்கொண்டு, தண்ணீர் சேர்ப்பதானால் வாளியில் மட்டும் சேர்த்து, வாளியில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் கொட்டாமல் இருந்தால், டப்பாவில் உள்ளதற்குப் பெரும்பாலும் கெடுதல் வராது.

அடுத்தது மூடி. மூடி உட்காரும் பள்ளத்தில் ஊற்றும்போது வழிந்த பெயிண்ட் தேங்கியிருக்கும். அதைத் துடைக்காமல் மூடினால் அது காய்ந்து கட்டியாகி மூடியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். வெளியே பார்க்க மூடியது போலவே இருக்கும், ஆனால் மயிரிழை இடுக்கு ஒன்று இருக்கும், அந்த இடுக்கின் வழியே சில மாதங்களில் உள்ளிருக்கும் ஈரம் முழுவதும் போய்விடும். நான் பள்ளத்தை முதலில் பிரஷாலும் பிறகு துணியாலும் சுத்தமாக வழித்துவிட்டு, டப்பாவின் வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, மூடியை வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டுச் சுற்றிச் சுற்றித் தட்டுவேன். மூடியைச் சுத்தியலால் நேராக அடிக்கவே கூடாது. ஒரு முறை நசுங்கிய மூடி பிறகு எந்தக் காலத்திலும் சரியாக உட்காராது. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் காற்றுப் புகாது என்று சொல்வார்கள். கசிகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நிமிடம் கவிழ்ப்பேன், பின்பு நிமிர்த்திவிடுவேன். மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்த டப்பாவின் மூடி திடீரென்று விட்டுக்கொடுத்து, கீழே இருந்த தரை முழுவதும் பாழானதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பாதிக்கும் கீழே இருக்கும் பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டு வைப்பது நல்லதல்ல. உள்ளே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறதோ அவ்வளவு காற்று; அவ்வளவுக்கு ஏடு படியும். தகரத்தில் துருவும் ஏறும். மூடியை நெம்பும்போது அந்தத் துரு உதிர்ந்து விழுந்தால், வெள்ளைச் சுவரில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே வாய் அகன்ற சிறிய பிளாஸ்டிக் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ கழுத்து வரை நிரப்பி மாற்றிவிடச் சொல்கிறேன். மாற்றிய கையோடு எந்த அறை, எந்த ஷேடு, கலர் எண், பளபளப்பு வகை, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட வேண்டும். எழுதாத ஜாடியில் இருப்பது எந்தச் சுவருக்கு உரியது என்பது அடுத்த ஆண்டு ஒருவருக்கும் தெரியாது.

எத்தனை ஆண்டு தாங்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். திறக்காத எமல்ஷன் 10 ஆண்டு வரையிலும், எண்ணெய் வகைப் பெயிண்டான எனாமல் 15 ஆண்டு வரையிலும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. திறந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது, மூடிய விதத்தையும் வைத்த இடத்தையும் பொறுத்தது. வெயில் ஏறும் தகரக் கொட்டகையும் ஈரத் தரையும் பெயிண்டுக்கு ஆகாது. உறைபனி விழும் இடங்களில் எமல்ஷன் உறைந்து இளகினால் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் ஒன்று சேராது.

வீட்டு உபகரணங்களைப் பழுது பார்ப்பவர்:

எனாமல் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் என் பங்குக்கு எழுதுகிறேன். இரும்புக் கதவுக்கு அடித்து மீந்த கருப்பு எனாமலை ஓராண்டு கழித்துத் திறந்தபோது, மேலே தோல் போலத் தடித்த ஏடு படிந்திருந்தது. டர்பென்டைன் ஊற்றினால் கரைந்துவிடும் என்று எண்ணி, ஏட்டோடு சேர்த்துக் கிண்டினேன். அது கரையாமல் நார் நாராகக் கிழிந்து பெயிண்ட் முழுவதும் பரவிவிட்டது. அடித்த கதவில் அரிசிக் குறுணை ஒட்டியது போன்ற சொரசொரப்பு வந்து, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று.

எனாமல் காய்வது வெறுமனே தின்னர் ஆவியாவதால் மட்டும் நடப்பதன்று. அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. மேலே படிந்த ஏடு அப்படி மாறி முடிந்த பொருள் என்பதால், எந்த டர்பென்டைனும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. எமல்ஷனின் காய்ந்த கட்டிகளும் இதே போலத்தான். தண்ணீர் போய்ப் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டால், மறுபடி தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. இப்போது நான் செய்வது இதுதான்: கத்தி முனையால் டப்பாவின் சுவரை ஒட்டி வட்டமாக அறுத்து, ஏட்டை ஒரே வில்லையாகத் தூக்கி எடுத்துவிட்டு, கீழே இருப்பதைக் கிண்டி, பழைய நைலான் துணியில் வடிகட்டுகிறேன். அடியில் உள்ளது சீராகக் கலந்தால் நன்றாகவே உழைக்கிறது.

மூடுவதற்கு முன் டப்பாவுக்குள் வாயால் ஊதிவிட்டால் ஆக்சிஜன் வெளியேறும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். நாம் விடும் மூச்சில் இன்னும் 16 விழுக்காடு அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது, கூடவே ஈரமும் இருக்கிறது. தவிர, முகத்தைத் தின்னர் ஆவிக்கு நேரே கொண்டு போவது சரியல்ல. டப்பாவுக்குள் கழுவிக் காயவைத்த கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை மேலே ஏற்றுவது எனக்குப் பலன் தந்தது. எனாமல், தின்னர் இரண்டையும் அடுப்புக்கும் தண்ணீர் சூடாக்கும் கருவிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அவற்றின் ஆவி தீப்பிடிக்கும்.

புதிதாக வீடு பராமரிக்கத் தொடங்கிய ஒருவர்:

என் பெயிண்ட் கெடவில்லை, ஆனாலும் சுவர் கெட்டது. நான்கு ஆண்டுகளாக நன்றாகவே இருந்த எமல்ஷனை ஆணித் துளைகளின் மேல் தொட்டுத் தொட்டு வைத்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டாகத் தெரிந்தது. சுவரில் இருந்தது நான்கு ஆண்டு வெளிச்சத்தில் வெளுத்திருந்தது, டப்பாவில் இருந்தது முதல் நாள் நிறத்திலேயே இருந்தது. கடைசியில் மூலைக்கு மூலை அந்த ஒரு சுவர் முழுவதையும் அடித்தபோதுதான் கண்ணுக்குச் சரியாயிற்று. ஆகையால் சிறு துளைக்கென்று அரைக் கரண்டி வைத்திருப்பதைக் காட்டிலும், ஒரு சுவருக்குப் போதுமான அளவு மீந்தால் மட்டும் எடுத்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெற்றோரின் வீட்டில் நாற்பது ஆண்டுக்கு முந்தைய எனாமல் டப்பாக்கள் இரண்டு கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா, இல்லையென்றால் எங்கே கொட்டுவது?

பெயிண்ட் வேலை செய்பவர்:

தம்பி, அவற்றைத் திறக்கவே வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்டுகளில் காரீயம் கலப்பது சாதாரணமாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதற்குத் தடை வந்ததே 1978-ல்தான். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்பதுதான் இன்று பல நாடுகள் ஏற்றிருக்கும் அளவு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும், ஏற்பட்ட பாதிப்பைச் சரிசெய்ய முடியாது. மூடியபடியே, அபாயகரமான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் உள்ளாட்சி அமைப்பிடம் சேர்த்துவிடுங்கள். கெட்டுப்போன எமல்ஷன் என்றால், மணலோ மரத்தூளோ கலந்து, மூடியைத் திறந்து காற்றாட வைத்து, கட்டியாக இறுகிய பிறகு உங்கள் ஊர் விதிப்படி குப்பையில் சேர்க்கலாம். இரண்டில் எதையும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை:

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பரணில் இருந்த மற்ற இரண்டு டப்பாக்களையும் முந்தாநாள் இறக்கினேன். ஒன்றில் நாற்றம் இருந்தது, மணலைக் கொட்டிவிட்டேன். கூடத்துக்கு அடித்த மஞ்சள் மட்டும் நாற்றமில்லாமல் இருந்தது. கிண்டி, வடிகட்டி, சுவருக்குப் போகாமல் முதலில் ஒரு அட்டையில் இரண்டு கோட்டு தடவி ஒரு நாள் காயவிட்டேன். இன்று காலையில் நகத்தால் கீறிப் பார்த்தேன், உரியவில்லை. ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன், நாடாவில் மஞ்சள் ஒட்டவில்லை. கழுத்து வரை நிரம்பிய ஜாடியில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன்.