புதுப்பிப்பு: நன்னீர் இறால் தீவனத்தில் புரதம் அதிகம், வளர்ச்சி குறைவு – தீர்வு கிடைத்தது

பழனி மலையடிவாரத்தில், ஆயக்குடிப் பக்கம் உள்ள என் பண்ணைக்குட்டையில் 40% புரதத் தீவனம் போட்டும் இறால் வளரவில்லை, தண்ணீரில் இறாலுக்கு நஞ்சான அம்மோனியா ஏறுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பொள்ளாச்சி அண்ணன் சொன்ன வழி: புரதத்தைக் குறை, மாவுச்சத்தைக் கூட்டு. கருவாட்டுத்தூள், கடலைப் புண்ணாக்கு இரண்டையும் குறைத்து, வேகவைத்த மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துப் புரதத்தை 32%க்குக் கொண்டுவந்தேன். தெம்புக்கு மாவு போதுமான அளவு கிடைத்தால் இறால் புரதத்தை அதிகம் எரிக்காது, அது சதையாகும். எரித்தால் அதன் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகத் தண்ணீரில்தான் கலக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை நிறம் இப்போது வெளிறிவிட்டது, இறாலும் எடை ஏறுகிறது. மரவள்ளி மாவால் தீவன உருண்டை தண்ணீரில் சீக்கிரம் கரையாததும் நல்லதாகப் போயிற்று.

எதிர்பாராத ஒன்று: மார்கழியில் மலைக்காற்று இறங்கியதும் தட்டில் தீவனம் அப்படியே கிடந்தது. கலவை காரணமில்லை, குளிர்தான். நான் வளர்க்கும் ரோசன்பெர்கி என்ற நன்னீர் இறால் வகைக்குத் தண்ணீர் 28–31 டிகிரி இருக்க வேண்டும். தீவன அளவைக் குறைத்து, வெயில் ஏறிய பிற்பகலில் போட்டபிறகு தட்டு காலியாகிறது.